இணையப் பொத்தான் படத்தில் தமிழ்ச் சொல்லைப் பொறிக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், மயிலாப்பூர் வடக்கு மாட வீதியை ஒட்டிய ஒரு கடைக்கு நவராத்திரி விற்பனைப் பக்கம் ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். பக்கத்தின் நடுவே 'கொலுப் பொம்மைகள்' என்ற சொல்லைத் தாங்கிய அரக்கு நிறப் பொத்தான் இருந்தது. நிறமும் நிழலும் நன்றாகவே அமைந்திருந்தன. ஆனால் நான் பயன்படுத்திய பட மென்பொருள் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கவில்லை. ககரத்துக்கும் பகரத்துக்கும் இடப்பக்கம் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு வலப்பக்கம் போய் நின்றது. 'மை' என்பதிலும் ஐகாரக் குறி மகரத்துக்குப் பின்னால் கிடந்தது. அந்தச் சொல் அதே கோலத்தில் ஒரு நாள் முழுவதும் இணையத்தில் இருந்தது. கடைக்காரர்தான் அதைக் கண்டு சொன்னார். தமிழ் படிக்கும் வாடிக்கையாளர் முன்னால் அப்படியொரு சொல் நின்றது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. அதன் பிறகே இந்த வேலையை அடியிலிருந்து முறையாகக் கற்றுக்கொண்டேன்.

பொத்தானில் எழுத்தைச் சேர்ப்பது பற்றிய பயிற்சிக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனத்தில் கொண்டவை. அவற்றில் பெட்டி முதலில் வரும், எழுத்து பின்னால் வரும். தமிழில் அந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும் என்பதே என் அனுபவம். சொல்லை முதலில் எழுதி, அது எவ்வளவு அகலம் கேட்கிறது, மேலே எவ்வளவு எழுகிறது, கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்த பிறகு அதற்கேற்ற பொத்தானை வரைய வேண்டும். கீழே உள்ள செய்முறை கிம்ப் என்ற பட மென்பொருளை முதன்மையாகக் கொண்டது. அது இலவசம், எளிய கணினியிலும் ஓடும், தமிழைச் சரியாகக் கோக்கும். போட்டோஷாப் பயன்படுத்துவோருக்கு வேறுபடும் இடங்களை உடனுக்குடன் குறிப்பிடுகிறேன்.

படமாகத்தான் இருக்க வேண்டுமா?

இணையப் பக்கத்தில் உள்ள பொத்தானை இன்று பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ் கொண்டே உருண்ட மூலை, நிறச் சரிவு, நிழல் அனைத்தோடும் அமைத்துவிடலாம். அதன் மேல் உள்ள சொல் உண்மையான எழுத்தாகவே இருக்கும். அப்படி இருந்தால் பார்வையற்றோருக்கு உரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதைப் படிக்கும், தேடுபொறி அதைக் காணும், பெரிதாக்கினாலும் அது மங்காது. இணைய உள்ளடக்கத்தின் அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியும், எழுத்தாகவே தரக்கூடியதைப் படமாகத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. எனவே படிவத்தின் கீழ் வரும் 'அனுப்பு', 'தேடு' போன்ற அன்றாடப் பொத்தான்களைப் படமாக்குவதை நான் தவிர்த்துவிடுகிறேன்.

படம் தேவைப்படும் இடங்களும் உண்டு. மின்னஞ்சலில் அனுப்பும் விளம்பரத்தில் நமக்கு வேண்டிய எழுத்துரு பெறுபவரின் கருவியில் இருக்கும் என்ற உறுதி இல்லை. வாட்ஸ்அப்பில் பகிரும் அறிவிப்புப் படத்துக்குள் பொத்தான் போன்ற பட்டை வைக்க வேண்டியிருக்கும். பிற தளங்கள் தங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் இணைப்புச் சின்னம், பண்டிகைக்கால அலங்கார எழுத்து, ஓவியத்தோடு பின்னிய தலைப்புப் பொத்தான் ஆகியவையும் படமாகவே அமைகின்றன. இவ்வழிகாட்டி அத்தகைய வேலைகளுக்கானது.

சொல்லும் எழுத்துருவும்

மென்பொருளைத் திறப்பதற்கு முன், பொத்தானில் வர வேண்டிய சொற்கள் அனைத்தையும் ஒரு வெறும் உரைக் கோப்பில், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள். ஒற்று விடுபட்டிருக்கிறதா, ல, ழ, ள இடம் மாறியிருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துவிட வேண்டும். படத்துக்குள் போன பிழையைத் தேடிக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் உதவாது. அதோடு, ஒரே தளத்தில் ஒரு பொத்தான் 'அனுப்பு' என்றும், இன்னொன்று 'பதிவு செய்யுங்கள்' என்றும், மூன்றாவது 'தேடுக' என்றும் பேசாமல், ஏவலா, மரியாதைப் பன்மையா, வியங்கோளா என்று ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள். இடம் குறைவு என்பதால் நான் பெரும்பாலும் ஏவல் வடிவத்தையே எடுக்கிறேன். ஆனால் முதியவர்கள் மிகுதியாக வரும் தளமாக இருந்தால் 'பாருங்கள்', 'வாங்குங்கள்' என்ற வடிவத்துக்கு வேண்டிய அகலத்தைப் பொத்தானில் கொடுத்துவிடுவேன்.

சென்னையில் இந்த வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் அடிக்கடி வரும். வாடிக்கையாளர் தம் விளம்பரத்தையோ விலைப்பட்டியலையோ ஏற்கெனவே அச்சகத்தில் கொடுத்து வடிவமைத்திருப்பார். அந்தக் கோப்பு பாமினி போன்ற பழைய குறிமுறை எழுத்துருவில் இருக்கும். அதை நகலெடுத்து ஒட்டினால் தமிழ் வராது. ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வரும். அந்த எழுத்துருவையே நிறுவிக்கொண்டு படத்தை முடித்துவிடலாம்தான், பார்வைக்கு அது சரியாகவே இருக்கும். ஆனால் அதே சொல்லை, படத்தைப் பார்க்க முடியாதவருக்காகச் சேர்க்கும் மாற்று உரையாகவோ பக்கத் தலைப்பாகவோ பயன்படுத்த முடியாது. எழுத்துருமாற்றி ஒன்றில் இட்டு யூனிகோடாக மாற்றி, ஒருமுறை கண்ணால் சரிபார்த்த பிறகே தொடர்வது நல்லது. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் குறிமுறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. 2010-இல் யூனிகோடு முறைக்கு மாறியது. இந்த இடைப்பட்ட காலத்துக் கோப்புகள் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

எழுத்துருத் தேர்வில் சற்று நேரம் செலவிடுவது வீணாகாது. பொத்தானுக்குக் கோட்டின் பருமன் சீராக இருக்கும் எழுத்துரு வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை ஆகியவை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் பல பருமன்களில் வருகிறது. கேட்டமரானில் ஒன்பது பருமன்கள் உள்ளன. முக்தா மலரில் ஏழு. விளையாட்டான, குழந்தைகளுக்கான பக்கமென்றால் பலூ தம்பி பொருந்தும். பல பருமன் உள்ள எழுத்துருவைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. பொத்தானில் எழுத்து சற்றுத் தடிமனாக இருக்க வேண்டும். தடிமன் எழுத்துரு இல்லாதபோது மென்பொருளே கோட்டை வீங்கவைத்துப் பொய்த்தடிமன் ஒன்றை உருவாக்கும். அப்போது ண, ணி, ஞ, இ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புப் பொட்டுகளாகிவிடும். தமிழில் சுழிக்குள் தெரியும் வெளிதான் எழுத்தை எழுத்தாகக் காட்டுகிறது. எனவே எழுத்துருவோடு வரும் மீடியம் அல்லது செமிபோல்டு பருமனை எடுங்கள். மிகத் தடித்த பருமன்களைப் பெரிய தலைப்புகளுக்கு விட்டுவிடுங்கள்.

தேர்ந்தெடுத்த எழுத்துரு நம்பத் தகுந்ததா என்று பார்க்க 'கொ, கௌ, ணை, நூ, க்ஷ, ஸ்ரீ' என்று எழுதிப் பாருங்கள். கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கின்றனவா, ஸ்ரீ ஒரே வடிவாகச் சேர்கிறதா, தனித்து நிற்கும் குறியைக் காட்டும் புள்ளிவட்டம் எங்காவது தோன்றுகிறதா என்பது நொடியில் தெரிந்துவிடும்.

மென்பொருளை ஆயத்தம் செய்தல்

கிம்ப் 2.10, அதற்குப் பின் 2025 மார்ச்சில் வந்த 3.0 ஆகிய இரண்டிலும் தமிழுக்கென எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை. எழுத்துருக் கோப்பை நிறுவிவிட்டு மென்பொருளைத் திறந்தால் போதும். படத்தின் மேலேயே தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யும்போது சில கணினிகளில் எழுத்து தடுமாறக்கூடும். அப்போது டெக்ஸ்ட் டூலின் விருப்பங்களில் 'யூஸ் எடிட்டர்' என்பதைத் தேர்ந்தால் தனிப் பெட்டி திறக்கும். முன்பே எழுதிவைத்த உரைக் கோப்பிலிருந்து சொல்லை அதில் ஒட்டிவிடலாம்.

போட்டோஷாப்பில் ஒரு முன்னேற்பாடு தேவை. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் டைப் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். பதிப்பைப் பொறுத்து அங்கே 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்றோ 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்றோ ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்து, மென்பொருளை மூடித் திறந்து, புதிய கோப்பில் எழுதத் தொடங்குங்கள். பழைய கோப்பில் ஏற்கெனவே உள்ள எழுத்து உடைந்தே தெரிந்தால், அந்த லேயரை, அதாவது படத்தின் அந்த அடுக்கைத் தேர்ந்து, பாராகிராஃப் பலகத்தின் மெனுவில் உள்ள வேர்ல்ட்-ரெடி தேர்வைக் குறியிட வேண்டும். மயிலாப்பூர்க் கடைக்காக நான் செய்த பொத்தான் உடைந்ததும் இத்தகைய அமைப்பு இருப்பதை நான் அறியாதிருந்ததால்தான்.

அளவு: சொல்லிலிருந்து பொத்தானுக்கு

இன்றைய கைபேசித் திரைகளில் பக்கத்தின் ஒரு பிக்சல், அதாவது படப்புள்ளி, திரையின் இரண்டு, மூன்று பிக்சல்களால் ஆனது. ஆகவே பக்கத்தில் தெரிய வேண்டிய அளவைப் போல் இரு மடங்கில் படத்தை வரைவது வழக்கம். பொத்தானின் உயரம் பக்கத்தில் 56 பிக்சல் என்றால் 112 பிக்சல் உயரத்தில் வரைய வேண்டும். விரல் படும் பரப்பு மிகச் சிறிதாக இருக்கக் கூடாது. 2023-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 குறைந்த அளவாக 24 பிக்சல் சதுரத்தைச் சொல்கிறது. அதன் உயர்நிலைப் பரிந்துரை 44 பிக்சல். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும் என்பதால் நான் 48-க்குக் குறைவதில்லை.

எழுத்தின் அளவை எடுத்துக்கொண்டால், ஆங்கிலம் 13, 14 பிக்சலிலும் படிக்கக்கூடியதாக இருக்கும். தமிழ் அப்படியன்று; ஒரு கட்டத்துக்குள் அதிகச் சுழிகளும் வளைவுகளும் இருப்பதால், பக்கத்தில் 16 பிக்சலுக்குக் கீழே இறக்கக் கூடாது, 20-க்கு மேல் இருந்தால் நிம்மதி என்பது என் கணிப்பு. 1990-களில் தளங்கள் ஒன்றுக்கொன்று மாட்டிக்கொண்ட 88-க்கு 31 பிக்சல் சின்னங்களை நினைவில் வைத்திருப்பவர்கள், அந்தச் சட்டத்துக்குள் தமிழில் ஒரு குறுஞ்சொல்லுக்கு மேல் ஏன் அமையவில்லை என்பதை இதிலிருந்து உணரலாம்.

இப்போது வேலையைத் தொடங்குவோம். ஃபைல் மெனுவில் நியூ என்பதை அழுத்தி, 800 பிக்சல் அகலமும் 112 பிக்சல் உயரமும் உள்ள கோப்பைத் திறங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பகுதியில் பின்னணியாக டிரான்ஸ்பரன்சியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அகலம் தற்காலிகமானதே. டி விசையை அழுத்தி டெக்ஸ்ட் டூலை எடுத்து, எழுத்துருவையும் 44 பிக்சல் அளவையும் இட்டு, 'கொலுப் பொம்மைகள்' என்று எழுதுங்கள். போட்டோஷாப்பில் எழுத்தளவு பாயின்ட்டில் கேட்கப்படும். கோப்பின் ரெசல்யூஷன், அதாவது ஓர் அங்குலத்துக்கான பிக்சல் எண்ணிக்கை, 72 என்றிருந்தால் ஒரு பாயின்ட் ஒரு பிக்சலுக்குச் சமம், 300 என்றிருந்தால் அதே எண் நான்கு மடங்குக்கு மேல் பெரிதாக வரும். புதியவர்கள் 'எழுத்து திடீரென்று பூதாகாரமாக வருகிறதே' என்று திகைப்பது இதனால்தான்.

எழுதிய சொல்லின் அகலம் 470 பிக்சல் வந்ததாகக் கொள்வோம். இரு பக்கமும் 45 பிக்சல் வெளி விட்டால் பொத்தானின் அகலம் 560; பக்கத்தில் அது 280 பிக்சலாகத் தெரியும். பக்கவெளியை எழுத்தின் உயரத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ வைப்பது கண்ணுக்கு இதமாக இருக்கும். இமேஜ் மெனுவில் கேன்வாஸ் சைஸ் கொண்டு கோப்பின் அகலத்தை 560 ஆக்குங்கள். ஒரே வரிசையில் ஐந்து பொத்தான்கள் வருவதாக இருந்தால், எல்லாவற்றிலும் நீளமான சொல்லை முதலில் எழுதி, அதன் அகலத்தையே அனைத்துக்கும் கொடுத்துவிடுங்கள். நீளமான சொல் இடங்கொள்ளாமல் போகும்போது எழுத்தைக் கிடைவாட்டில் நசுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். நசுக்கினால் குத்துக்கோடுகள் மெலிந்து, கிடைக்கோடுகள் தடித்துத் தெரிந்து, எழுத்துரு வடிவமைப்பாளர் பார்த்துப் பார்த்து அமைத்த சமநிலை குலைந்துவிடும். சொல்லைச் சுருக்குங்கள், அல்லது இரண்டு வரியாக்குங்கள், அல்லது பொத்தானை அகலமாக்குங்கள். 'பதிவிறக்கம் செய்' என்பதற்கு 'பதிவிறக்கு' என்றாலே போதும். எழுத்துகளுக்கு இடையே வெளியைக் கூட்டும் அமைப்பையும் பூஜ்ஜியத்திலேயே விட்டுவிடுங்கள். ஆங்கிலத் தலைப்பெழுத்துகளுக்கு அழகு தரும் அந்த இடைவெளி, தமிழில் சில மென்பொருள்களில் கொம்பையும் காலையும் தத்தம் எழுத்திலிருந்து பிரித்து நிறுத்திவிடும்.

அடுத்து, புதிய லேயர் ஒன்றை எழுத்து லேயருக்குக் கீழே உருவாக்கி, ரெக்டாங்கிள் செலக்ட் டூலில் 'ரவுண்டட் கார்னர்ஸ்' என்பதைக் குறியிட்டு, ஆரத்தை 16 பிக்சலாக வைத்துக் கோப்பு முழுவதையும் தேர்ந்துகொள்ளுங்கள். முன்புற நிறமாகச் சிவப்பு 128, பச்சை 0, நீலம் 0 என்று அமைத்து, எடிட் மெனுவில் ஃபில் வித் எஃப்ஜி கலர் என்பதை அழுத்தினால் அரக்கு நிறப் பட்டை உருவாகிவிடும். எழுத்தும் பட்டையும் எப்போதும் தனித்தனி லேயர்களில் இருக்க வேண்டும்.

அடிக்கோடு

இந்த வேலையில் கைத்திறன் வெளிப்படும் இடம் இதுதான். பெரும்பாலானோர் சொல்லை அலைன் டூலால் மேலிருந்து கீழாக நடுப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு பொத்தான் என்றால் அது போதும். ஆனால் 'கடை', 'பதிவு', 'முகப்பு' என்ற மூன்று பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது குறை தெரிந்துவிடும். 'கடை' என்ற சொல்லில் மேலே எழுவதும் இல்லை, கீழே இறங்குவதும் இல்லை. 'பதிவு' என்பதில் இகரக் குறி மேலே வளைகிறது. தகரத்தின் வாலும் வுகரத்தின் கோடும் கீழே இறங்குகின்றன. 'முகப்பு' என்பதில் புள்ளி மேலே நிற்க, புகரம் கீழே இறங்குகிறது. எழுத்தின் உச்சியையும் அடியையும் அளந்து நடுப்படுத்தும் மென்பொருள் ஒவ்வொரு சொல்லையும் வெவ்வேறு உயரத்தில் நிறுத்தும். வரிசையில் ஒரு சொல் உயர்ந்தும் ஒரு சொல் தாழ்ந்தும் நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஒழுங்கின்மை உறுத்தும்.

சென்னைச் சுவர்களில் விளம்பரம் எழுதும் ஓவியர்களை நின்று பார்த்தவர்களுக்குத் தீர்வு தெரிந்திருக்கும். அவர்கள் தூரிகையைத் தொடுவதற்கு முன் வண்ணப்பொடி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுவரில் தட்டிக் கோடு போட்டுக்கொள்வார்கள். எழுத்தின் உடல் அந்த இரண்டு கோடுகளுக்குள் நிற்கும். கொம்பும் வாலும் கோட்டைத் தாண்டிப் போகும். அந்தக் கோடுகளைத்தான் நாம் கைடு என்ற வழிக்கோட்டால் போடப்போகிறோம்.

தேர்ந்தெடுத்த எழுத்துருவில், அதே 44 பிக்சல் அளவில் 'கட' என்று எழுதி, மெஷர் டூலால் அதன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அது 26 பிக்சல் வந்ததாக வைத்துக்கொண்டால், 112-இலிருந்து 26-ஐக் கழிக்க 86, அதில் பாதி 43. மேலிருந்து 43-ஆவது பிக்சலில் எழுத்துடலின் மேல்கோடு, 43-உடன் 26-ஐக் கூட்டிய 69-ஆவது பிக்சலில் அடிக்கோடு. இமேஜ் மெனுவில் கைட்ஸ், அதில் நியூ கைடு என்று சென்று 43, 69 ஆகிய இரண்டிலும் கிடைக்கோடுகளை இடுங்கள். இனி எந்தச் சொல்லாக இருந்தாலும் அதன் உடல் இந்த இரண்டு கோடுகளுக்குள் உட்கார வேண்டும். இகரமும் புள்ளியும் மேலே எழட்டும், ற, ழ, ந ஆகியவற்றின் வால் கீழே இறங்கட்டும். வரிசை நேராகவே தெரியும்.

ஒவ்வொரு பொத்தானுக்கும் இதைத் திரும்பச் செய்யாமலிருக்க எளிய வழி ஒன்று உண்டு. டெக்ஸ்ட் டூலால் ஒருமுறை சொடுக்கி எழுதுவதற்குப் பதிலாக, பொத்தானின் இடப்பக்க வெளியிலிருந்து வலப்பக்க வெளி வரை ஒரு பெட்டியை இழுத்து வரைந்து, அதற்குள் எழுதி, ஜஸ்டிஃபை அமைப்பில் நடுவமைப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்தப் பெட்டியை மூவ் டூலால் மேலும் கீழும் நகர்த்தி, எழுத்தின் அடி 69-ஆவது கோட்டில் சரியாக உட்காரும்படி செய்துவிட்டால், பிறகு சொல்லை மட்டும் அழித்து வேறு சொல்லை ஒட்டினால் போதும். கிடைவாட்டில் அது தானே நடுவில் வந்து நிற்கும்; அடிக்கோடும் மாறாது. போட்டோஷாப்பிலும் இதே முறை பலிக்கும். ஒரு தளத்துக்கு இருபது பொத்தான் என்றால் முதல் பொத்தானுக்கு அரை மணி நேரம் ஆகும், மற்றப் பத்தொன்பதும் சேர்ந்தே அவ்வளவு ஆகாது.

இரண்டு வரிப் பொத்தானில் வரிகளுக்கு இடையே தாராளமாக வெளி விடுங்கள். மேல்வரியில் இறங்கும் வால் கீழ்வரியில் எழும் இகரத்தோடு மோதுகிறதா என்று அந்தச் சொற்களையே வைத்துப் பார்க்க வேண்டும்.

நிறமும் நிழலும்

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்றும், 24 பிக்சலும் அதற்கு மேலும் உள்ள பெரிய எழுத்துக்கு 3:1 போதும் என்றும் டபிள்யூசிஏஜி வகுத்திருக்கிறது. நம் அரக்கு நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து ஏறத்தாழ 10.9:1 தருகிறது, சிவப்பு 255, பச்சை 204, நீலம் 0 என்ற மஞ்சள் எழுத்து 7.2:1 தருகிறது. இரண்டும் நன்று. ஆனால் கடைத்தளங்களில் அடிக்கடி காணும் வெளிர் ஆரஞ்சுப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்து தேறுவதில்லை. சிவப்பு 255, பச்சை 152, நீலம் 0 என்ற ஆரஞ்சின் மேல் வெள்ளை வெறும் 2.2:1 தான்; அதே பட்டையின் மேல் கறுப்பு எழுதினால் 9.7:1. நம் ஊர் வெயிலில், நண்பகல் நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு கைபேசியைப் பார்ப்பவருக்கு இந்த எண்கள்தான் சொல் தெரிவதா தெரியாததா என்பதைத் தீர்மானிக்கின்றன. குளிரூட்டிய அறையின் பெரிய திரையில் பார்த்து நிறத்தைத் தேர்வது போதாது.

நிழல் மிதமாக இருக்க வேண்டும். எழுத்து லேயரின் நகலை எடுத்து, அதன் நிறத்தைக் கறுப்பாக்கி, மூல எழுத்துக்குக் கீழே வைத்து, இரண்டு பிக்சல் கீழே நகர்த்தி, ஒபாசிட்டி என்ற ஒளிபுகாத் தன்மையை 40 அல்லது 50 ஆக்கினால் சுத்தமான நிழல் கிடைத்துவிடும். இரு லேயர்களும் எழுத்தாகவே இருப்பதால் சொல்லை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டிலும் மாற்ற மறந்துவிடக் கூடாது என்பது மட்டுமே கவனிக்க வேண்டியது. கிம்பின் ஃபில்டர்ஸ் மெனுவில் உள்ள டிராப் ஷேடோ மென்மையான நிழலைத் தரும். ஆனால் 2.10 பதிப்பில் அதை எழுத்து லேயரின் மேல் நேரடியாகப் போட்டால் நிழல் எழுத்தோடு ஒட்டிவிடும். பின்னர் எழுத்துப் பிழையைத் திருத்தினால் நிழல் அழிந்துவிடும். எனவே நகலின் மேல் போடுங்கள். 3.0 பதிப்பில் ஃபில்டர்கள் தனியாக நிற்பதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. வரிசையில் உள்ள எல்லாப் பொத்தான்களுக்கும் நிழல் ஒரே திசையில் விழ வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா!

எழுத்தைச் சுற்றிக் கரைகட்டுவது சென்னைப் பதாகைக் கலையில் ஊறிய பழக்கம். பெரிய எழுத்தில் அது கம்பீரமாகவே இருக்கும். ஆனால் 22 பிக்சலில் தெரியும் தமிழுக்குக் கரை வேண்டாம் என்பேன். கரை உள்நோக்கியும் பரவிச் சுழிகளை அடைத்துவிடும். பின்னணியில் புகைப்படம் இருப்பதால் கரை தவிர்க்க முடியாததாகிவிட்டால், எழுத்தின் வடிவத்தைத் தேர்ந்து, அந்தத் தேர்வை இரண்டு பிக்சல் விரித்து, கீழே ஒரு லேயரில் நிறம் நிரப்பி, எழுத்தை அதன் மேல் முழுப் பருமனோடு விட்டுவிடுங்கள்.

பொத்தானுக்குச் சுட்டி மேலே வரும் நிலை, அழுத்திய நிலை, செயலற்ற நிலை ஆகியவையும் தேவைப்பட்டால், அதே கோப்பில் பட்டை லேயரை மட்டும் நகலெடுத்து நிறத்தைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்து ஒரு பிக்சலும் நகரக் கூடாது. நகர்ந்தால் சுட்டி மேலே வரும்போதெல்லாம் சொல் துள்ளும். தொடுதிரையில் சுட்டி நிலையே இல்லை என்பதால், முக்கியமான செய்தி எதையும் அந்த நிலைக்கு ஒதுக்காதீர்கள்.

ஏற்றுமதியும் பொருத்துதலும்

எழுத்து உள்ள பொத்தானுக்கு ஜேபெக் வடிவம் ஏற்றதன்று. எழுத்தின் ஓரங்களில் அழுக்கு படிந்தாற்போல் சிதறல் தோன்றும். ஜிஃப் 256 நிறங்களோடு நின்றுவிடும். அதில் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும் என்பதால் உருண்ட மூலைகள் பல்லுப்பல்லாக வெட்டுண்டு தெரியும். பிஎன்ஜி வடிவமே பொருத்தம். கிம்பில் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் என்பதைத் தேர்ந்து கோப்பின் பெயரைப் பிஎன்ஜி என்று முடித்தால் போதும். போட்டோஷாப்பில் எக்ஸ்போர்ட் ஆஸ் மூலம் முழு அளவு, பாதி அளவு இரண்டையும் ஒரே முறையில் எடுக்கலாம். கோப்பின் அளவைக் குறைக்க கிம்பில் நிறங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் இண்டெக்ஸ்டு முறைக்கு மாற்றுவோர், அம்முறையில் அரைகுறை ஒளிபுகுதன்மை காணாமல் போகும் என்பதை அறிந்திருக்க வேண்டும். பக்கத்தின் பின்னணி நிறத்தையே மூலைகளில் நிரப்பிவிட்டு மாற்றினால் பல் தெரியாது.

கோப்பின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழில் பெயர் வைப்பது தவறன்று. ஆனால் இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும், முகவரி அடையாளம் தெரியாத நீளத்துக்குப் போய்விடும்.

பக்கத்தில் படத்தைப் பொருத்தும்போது அகலம் 280, உயரம் 56 என்று குறிப்பிட்டு, ஆல்ட் என்னும் மாற்று உரையில் பொத்தானில் உள்ள சொல்லையே யூனிகோடில் கொடுங்கள். 'அரக்கு நிறப் பொத்தானின் படம்' என்று வருணிப்பது பார்வையற்ற வாசகருக்கு எந்தப் பயனையும் தராது; 'கொலுப் பொம்மைகள்' என்று இருந்தால்தான், திரைவாசிப்பான் அதைத் தமிழில் உச்சரிக்க, அழுத்தினால் எங்கே போகும் என்று அவர் அறிவார். முதலில் தயாரித்த உரைக் கோப்பு இங்கே மீண்டும் உதவுகிறது.

சரிபார்ப்பதை உருப்பெருக்கிய நிலையில் செய்யாதீர்கள். 400 விழுக்காட்டில் எல்லா எழுத்தும் அழகாகத்தான் இருக்கும். பக்கத்தில் ஏற்றி, உங்கள் கைபேசியிலும் விலை குறைந்த ஒரு கைபேசியிலும், வீட்டுக்கு வெளியே வெயிலில் நின்று பாருங்கள். வீட்டில் முதியவர் யாரேனும் இருந்தால், கண்ணாடியைத் தேடி எடுக்காமல் அவரால் படிக்க முடிகிறதா என்று கேளுங்கள். சொல்லைப் படிப்பதற்கு முன் அவர் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனால் எழுத்தை இரண்டு பிக்சல் பெரிதாக்கி, பொத்தானையும் அதற்கேற்ப விரியுங்கள்.

எல்லாம் முடிந்ததும் லேயர்கள் உள்ள மூலக் கோப்பை, கிம்பானால் எக்ஸ்சிஎஃப் வடிவிலும் போட்டோஷாப்பானால் பிஎஸ்டி வடிவிலும் சேமித்து, பயன்படுத்திய எழுத்துருக் கோப்பையும் சொற்கள் அடங்கிய உரைக் கோப்பையும் அதே கோப்புறையில் வைத்துவிடுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் மூலக் கோப்பைத் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து அடிக்கோடெல்லாம் மாறிவிடும். அடுத்த நவராத்திரிக்குக் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, 'கொலுப் பொம்மைகள்' இருந்த இடத்தில் 'கொலுப் படிகள்' என்று மாற்றித் தரச் சொன்னால், அந்தக் கோப்புறையைத் திறந்து சொல்லை ஒட்டி ஏற்றுமதி செய்ய ஐந்து நிமிடம் போதும்.